அலோபதியா, நாட்டு மருந்தா? 200 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியைச் சந்தித்த சரபோஜி ராஜா!

2025 ஜூலையில செஞ்சிக்கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சது ஞாபகம் இருக்கா? மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள் அந்தப் பட்டியல்ல சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கு. வெளியே இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான்.

அப்போ பலரும் கேட்ட கேள்வி: விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற கோட்டைக்கும் மராட்டியர்களுக்கும் என்ன சம்பந்தம்? 1677-ல் சத்ரபதி சிவாஜி தெற்கே படையோடு வந்து, பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். பின்னாடி 1690 முதல் 1698 வரை அவருடைய மகன் ராஜாராம் இங்கே இருந்துதான் மராட்டிய அரசை நடத்தினார். கீழே மொகலாயப் படை, மேலே கோட்டை. முற்றுகை வருஷக்கணக்கில் நீண்டது.

சிவாஜி செஞ்சிக்கு வந்தபோது, சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே தஞ்சாவூரில் அவருடைய சொந்தத் தம்பியே ராஜாவாக உட்கார்ந்திருந்தார். தாய் வேறு, தந்தை ஒருவர். பெயர் ஏகோஜி. அந்த போன்ஸ்லே குடும்பத்தில் நூறு வருஷம் கழித்து வந்தவர்தான் இரண்டாம் சரபோஜி. செஞ்சியில் அவங்க குடும்பம் கோட்டைக்காகச் சண்டை போட்டது. இவர் சண்டையே போடல. போட முடியாத நிலைமை. அதற்குப் பதிலா இவர் கையில் எடுத்த விஷயம், இன்னைக்கும் செஞ்சியிலிருந்து சென்னை வரை எல்லா வீட்டிலும் நடக்கிற ஒரு வாக்குவாதம்: இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா?

யார் இந்த சரபோஜி?

1777 செப்டம்பர் 24-ல் பிறந்தவர். தஞ்சை ராஜா துளஜாவுக்கு வாரிசு இல்லை. 1787-ல் சாகும் தறுவாயில், போன்ஸ்லே குலத்தைச் சேர்ந்த இந்தப் பத்து வயதுப் பையனைத் தத்தெடுத்தார். பையனைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரிடமும் கேட்டுக்கொண்டார். துளஜா இறந்ததும் அவருடைய தம்பி அமர்சிங் அரியணையில் ஏறிவிட்டார். பையனுக்குப் படிப்பும் இல்லை, சுதந்திரமும் இல்லை. ஸ்வார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் திரும்பத் திரும்ப முறையிட்டதால்தான் 1793-ல் சரபோஜியை மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவியலும் அவருக்கு அறிமுகமாச்சு.

1798-ல் ராஜாவானார். ஆனா அடுத்த வருஷமே, 1799 அக்டோபரில் கம்பெனியோடு ஒப்பந்தம். ராஜ்ஜிய நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. ராஜாவுக்குக் கோட்டை, அரண்மனை, வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன், அப்புறம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 22 வயசுலயே, பட்டம் உண்டு, அதிகாரம் இல்லை என்ற நிலை.

இதைச் சொல்லாம அவருடைய மருத்துவ வேலையைப் பேசவே முடியாது. நாட்டை ஆள வழி இல்லாத ஒருத்தர், புத்தகம், அச்சகம், மூலிகை, மருத்துவம்னு இறங்கினார். கம்பெனிக்கும் அதில் ஆட்சேபணை இருந்திருக்காது. பீரங்கி வாங்குற ராஜாவை விட புத்தகம் வாங்குற ராஜா அவங்களுக்கு வசதிதானே!

தன்வந்திரி மகால்ல என்ன நடந்தது?

சரபோஜி உருவாக்கிய மருத்துவ நிலையத்தின் பெயர் தன்வந்திரி மகால். மனிதர்களுக்கும் மருந்து, விலங்குகளுக்கும் மருந்து. ஆயுர்வேதம், சித்தா, யுனானி தெரிந்தவர்களும் ஐரோப்பிய மருத்துவம் தெரிந்தவர்களும் ஒரே நிறுவனத்தின் கீழ் வேலை பார்த்தார்கள். மருந்து தயாரிப்பும் அங்கேயே. மூலிகைகளைச் சேகரிச்சு வளர்த்தது மட்டுமில்லாம, பார்த்தா அடையாளம் தெரியுற மாதிரி வண்ண ஓவியமாகவும் வரைய வைத்தார்.

இப்போ நமக்கு இது சாதாரணமா தெரியலாம். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கு; தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு. ஆனா 1800-கள்ல நிலைமை வேற. ஐரோப்பிய மருத்துவத்திலேயே அப்போ மயக்க மருந்து கிடையாது, கிருமிகள்தான் தொற்றுநோய்க்குக் காரணம்னு தெரியாது, ரத்தத்தை வெளியேற்றுவதை ஒரு சிகிச்சையாகவே செய்துகொண்டிருந்தார்கள். அதனால், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் மருந்து எல்லாம் அறிவியல், நம்ம மருந்து எல்லாம் நம்பிக்கைன்னு பிரிக்கவே முடியாது. இரண்டு பக்கமும் பலிச்சதும் உண்டு, பலிக்காததும் உண்டு. எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரே வழி, நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு எழுதி வைக்கிறது.

தன்வந்திரி மகாலின் உண்மையான விசேஷம் அங்கேதான் இருக்கு. அங்கே கேஸ் ஷீட் எழுதினார்கள்.

கண் நோயாளிகளின் கேஸ் ஷீட்

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் கண் நோயாளிகளைப் பற்றிய நாற்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கு. சில ஆங்கிலத்தில். மற்றவை மோடி எழுத்தில். மோடின்னா, அந்தக் காலத்துல மராட்டிய அரசு அலுவலகங்கள்ல கணக்கு, கடிதம் எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து. அரண்மனையில் மெக்பீன் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண் சிகிச்சைக்கு இருந்தார். நோயாளி யார், கண்ணில் என்ன கோளாறு, என்ன செய்தார்கள், அப்புறம் எப்படி இருந்ததுன்னு பதிவு போகுது. கண்களின் படங்களும் வரையப்பட்டிருக்கு.

கண்புரைக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழி. ஒன்று, சுஸ்ருதர் காலத்திலிருந்து இந்தியாவில் இருந்த முறை: ஊசியை உள்ளே செலுத்தி, மங்கிப்போன லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவது. இரண்டாவது, 1740-களில் பிரான்சில் ழாக் டேவியல் செய்துகாட்டியது: லென்ஸையே வெட்டி வெளியே எடுப்பது. முதல் முறையில் தள்ளிவிட்ட லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கும். வீக்கம், அழுத்தம், கடைசியில் பார்வையே போகவும் வாய்ப்பு. ஊசி போட்ட அன்னைக்கு வெளிச்சம் தெரிஞ்சதும் நோயாளி சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவார். சில வாரம் கழிச்சு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. இதுக்காகத்தான் கேஸ் ஷீட்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிடணும். சரபோஜிதான் உலகின் முதல் கண் ஆபரேஷன் டாக்டர்னு வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜ் தப்பு. மேலே சொன்ன மாதிரி, கண் அறுவை சிகிச்சை அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இருந்தது. ராஜாவே தன் கையால் ஆபரேஷன் செய்தார்னு பரவலா ஒரு பேச்சு உண்டு. அது எப்படியோ, ஒரு ராஜா நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிச்சார், அதைப் பாதுகாக்கவும் செய்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமா தெரியுது.

சரபேந்திர வைத்திய முறைகள்

நாட்டு மருந்துப் பக்கமும் இதே வேலைதான். அரண்மனை வைத்தியர்கள் பயன்படுத்திய மருந்து முறைகளைத் தொகுத்து, தமிழ்ச் செய்யுளாகப் பாட வைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்று அதற்குப் பெயர். கண் நோய், நீரிழிவு, காசம், சூலை, கர்ப்பிணி மற்றும் குழந்தை நோய்கள்னு ஒவ்வொன்றும் தனித்தனியா, சரஸ்வதி மகால் நூலகம் பிற்காலத்தில் புத்தகமாகவே வெளியிட்டிருக்கு.

ஏன் செய்யுள்? வைத்தியர்கள் மனப்பாடம் பண்ணத்தான். வீட்டுக்குள்ளேயே, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் ரகசியமா போய்க்கொண்டிருந்த விஷயத்தை வெளியே எடுத்து, பெயர் போட்டு, எழுதி வைப்பது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. ரகசியமா இருக்கிற மருந்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. எழுதிட்டா கேட்கலாம்.

இந்தப் புத்தகங்களில் இருந்துதான் இன்னைக்குப் பலர் துண்டு துண்டா எடுத்து வீடியோ போடுறாங்க. சுகர் மாத்திரையே வேண்டாம், ராஜா காலத்து மருந்து இருக்கு என்ற ரகம். இதுல இரண்டு சிக்கல்.

ஒன்று, பழைய முறைகளில் மூலிகை மட்டும் இல்லை. சித்த மருத்துவத்தில் பாதரசம், பாஷாணம் போன்றவற்றைச் சுத்தி செய்து சேர்க்கும் மருந்துகளும் உண்டு. படித்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு, பாட்டைப் படிச்சுட்டு வீட்டு அடுப்பில் கிண்டுவது வேறு. இயற்கை மருந்துதானே, பக்கவிளைவு இருக்காதுன்னு நினைக்கிறது பெரிய ஆபத்து.

இரண்டாவது, பத்தியம். நம்ம வைத்தியத்தில் மருந்து பாதி, பத்தியம் பாதி. எதைச் சாப்பிடக் கூடாது, எத்தனை நாள், எப்போ தூங்கணும் என்பது நோயாளியின் பொறுப்பு. இன்னைக்கு நாம என்ன பண்றோம்? கஷாயத்தை வாங்கிக் குடிச்சுட்டு, அப்படியே பரோட்டா சாப்பிடப் போறோம். மாத்திரையையும் இப்படித்தான் பண்றோம், அது வேற கதை. சுகர் விஷயத்தில் இது கண்ணையே பாதிக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே போனா விழித்திரை கெடும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. மாத்திரையைத் தானாகவே நிறுத்திட்டு, உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு சொல்றவங்களுக்கு, கண் டெஸ்ட் பண்ணும்போதுதான் விஷயம் தெரிய வரும்.

சர்க்கரை நோய், கண்புரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். அலோபதி, சித்தா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காசு இல்லாதவங்களுக்கு யார் பொறுப்பு?

உடம்பைப் பார்த்துக்கிறது அவங்கவங்க பொறுப்புன்னு சொல்றது சுலபம். ஆனா நடந்தே ராமேஸ்வரம் போற ஏழை வழியில ஜுரம் வந்து விழுந்தா? தஞ்சை மராட்டியர்கள் ராமேஸ்வரம் பாதையில் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். சரபோஜியும் ஒரத்தநாட்டில் 1802-ல் முத்தாம்பாள் சத்திரம் கட்டினார். மறைந்துபோன தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக.

1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தச் சத்திரங்களின் நிலங்கள் என்னவாகும் என்ற கவலை வந்தது. 1801-ல் அவர் கம்பெனியின் ரெசிடென்ட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சாதி, மத வித்தியாசம் இல்லாமல் சாப்பாடு போடுவது, நோயாளிகளைக் குணமாகும் வரை வைத்துப் பார்ப்பது, பாம்புக்கடி, தேள்கடிக்கு வைத்தியர்களை வைத்திருப்பது, வழியில் பிரசவ வலி வரும் பெண்களைக் கவனிப்பது, அநாதைக் குழந்தைகளை வளர்ப்பது, இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு என்று ஒவ்வொன்றாக விளக்கி, இதை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நாடே கைவிட்டுப் போன ஒருவர், வேறு சலுகை கேட்காமல் சத்திரத்துக்காக மன்றாடியிருக்கிறார்.

அதுக்காக அவரை எல்லாவற்றிலும் நவீன மனிதராக்கிட வேண்டாம். அதே சரபோஜிதான் 1820-ல் சுமார் 3,000 பேரோடு காசி யாத்திரை கிளம்பி, ஆட்களோடு ஊர் ஊராகப் போய் 1822-ல் திரும்பினார். சடங்கு, சாஸ்திரம், குலப்பெருமை எல்லாம் அவருக்கு முக்கியம். கிறிஸ்தவப் பாதிரியாரிடம் வளர்ந்தும் மதம் மாறல. ஸ்வார்ட்ஸ் படுக்கையில் கிடக்க, இவர் அவர் கையைப் பிடித்திருப்பது போன்ற பளிங்குச் சிற்பத்தை மட்டும் லண்டனில் ஜான் பிளாக்ஸ்மேனிடம் செய்து வாங்கினார். தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் இப்பவும் அதைப் பார்க்கலாம்.

அப்புறம் என்ன ஆச்சு?

1832 மார்ச் 7-ல் சரபோஜி இறந்தார். மகன் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, தஞ்சை ராஜ்ஜியத்தைக் கம்பெனி முழுசா எடுத்துக்கொண்டது. பட்டமும் போச்சு. தன்வந்திரி மகாலும் நிலைக்கவில்லை.

காகிதங்கள் தப்பின. அரண்மனை வளாகத்திலேயே, சரஸ்வதி மகால் நூலகத்தில், ஓலைச்சுவடிகளோடும் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்த ஐரோப்பியப் புத்தகங்களோடும் மோடி எழுத்துக் கட்டுகளாகக் கிடந்தன. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் அந்தக் கண் நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 2012-ல் இந்தியக் கண் மருத்துவ ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். சுமார் 180 வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூரில் யாரோ ஒருவர் பார்வை மங்கி அரண்மனைக்கு நடந்து வந்தார், அவருக்கு என்ன செய்தார்கள் என்பது அப்படித்தான் இன்றைய மருத்துவர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.