ராஜாஜி எதிர்த்த ஊசி

சேலத்தில் 1900-ம் ஆண்டு ஓர் இளைஞர் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். அவர்தான் ராஜாஜி.

1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். 1937-ல் சென்னை மாகாண முதல்-மந்திரி ஆனதும், மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். 1948-ல் நாட்டின் கவர்னர்-ஜெனரல் ஆனார்.

1955-ல் அவருக்கு வயது 76. பதவி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு போராட்டத்தில் இறங்கினார். அது பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து!

திருடன் படம்

அது காசநோய்த் தடுப்பு ஊசி. பிரான்சு நாட்டு கால்மெத், கெரென் இருவரும் 13 ஆண்டு பாடுபட்டு, மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்தார்கள். அதுதான் மருந்து. அதைச் செலுத்தினால், ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும். போலீசாருக்குத் திருடனின் படத்தைக் காட்டி வைப்பது போலத்தான் இது.

நல்ல உடம்புள்ள பிள்ளைகளுக்கு உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா, பயன் நிரூபணம் ஆகிவிட்டதா என்று ராஜாஜி கேட்டார். சிறு புத்தகமும் எழுதினார். ஊசியால் ஆபத்து இல்லை என்றார் மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அமிர்த கௌர். எதை நம்புவது? பெற்றோர் குழம்பினார்கள்.

பெரிய பரீட்சை

விடை காண, 1968 முதல் 1971 வரை செங்கற்பட்டு ஜில்லாவில் பெரிய பரீட்சை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு மருந்து. சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது ரகசியம்.

முடிவு தெரியும் முன்பே, 1972 டிசம்பர் 25-ந்தேதி ராஜாஜி காலமானார்.

1979-ல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! உலக டாக்டர்கள் திகைத்தார்கள்.

அப்படியானால் ராஜாஜி சொன்னதே சரியா? பாதிதான் சரி. பயனைப் பற்றிய அவரது சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தது. ஆனால், ஊசியால் கெடுதல் வரும் என்ற பயம் பலிக்கவில்லை. நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தைகளுக்கு அதனால் கெடுதல் நேர்வது மிக அபூர்வம். சிறு குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதும் வேறு ஆராய்ச்சிகளில் தெரிந்தது.

அதனால்தான் இன்றும் சேலத்திலும் நாமக்கல்லிலும் குழந்தை பிறந்ததும் இடது தோளில் அந்த ஊசி போடுகிறார்கள்.

குழந்தையைக் காக்கும் ஊசி பெரியவர்களை ஏன் காக்கவில்லை? விஞ்ஞானிகள் இன்னும் விடை தேடுகிறார்கள்.