குவாங்ஹே: இரு பேரரசுகளுக்கு இடையே அகப்பட்ட கொரிய மன்னர்

கொரியாவை 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசொன் வம்சத்தில் 27 மன்னர்கள் அரியணை ஏறினர். அவர்களில் இருவருக்கு மட்டும் மன்னருக்குரிய பட்டப்பெயர் இன்றுவரை வழங்கப்படவில்லை. ஒருவர் கொடுங்கோலராக அறியப்பட்ட யொன்சான். மற்றவர் 1608 முதல் 1623 வரை ஆட்சி செய்த குவாங்ஹே. வரலாற்று ஏடுகள் இவ்விருவரையும் இளவரசர் என்ற தகுதியிலேயே குறிப்பிடுகின்றன.

குவாங்ஹே பதவி இழந்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அவர் சீனாவுக்கு நன்றி மறந்தார் என்பதாகும். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆராய்பவர்கள், சீனாவின் அங்கீகாரத்துக்காக அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததே அவருடைய வீழ்ச்சிக்கு வித்திட்டது என்ற முடிவுக்கு வர இடமுண்டு.

போரில் கிடைத்த பட்டம்

மன்னர் சொன்ஜோவின் இரண்டாவது மகனாக 1575ஆம் ஆண்டு பிறந்தவர் குவாங்ஹே. அவருடைய தாயார் பட்டத்தரசி அல்லர். அமைதிக் காலமாக இருந்திருந்தால் அவர் அரியணைக்கு அருகில் வந்திருப்பாரா என்பது சந்தேகமே. 1592இல் ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. தலைநகரைக் கைவிட்டு வடக்கே சீன எல்லையை நோக்கிப் பின்வாங்கிய சொன்ஜோ, அவசர அவசரமாகக் குவாங்ஹேயைப் பட்டத்து இளவரசராக அறிவித்தார். அரசவை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி அவருடைய பொறுப்பில் விடப்பட்டது. இருபது வயதைக்கூட எட்டாத இளவரசர், போர் நடந்துகொண்டிருந்த மாகாணங்களுக்குச் சென்று படை திரட்டினார், மக்களுக்கு நம்பிக்கையூட்டினார்.

சீனாவை அப்போது ஆண்ட மிங் பேரரசும் படைகளை அனுப்பியது. 1593இன் தொடக்கத்தில் பியோங்யாங் நகர் மீட்கப்பட்டது. 1598இல் ஜப்பானியர் முற்றாக விலகினர். நாட்டுக்கு மறுவாழ்வு அளித்தது மிங் பேரரசே என்ற எண்ணம் கொரிய உயர்குடியினரிடையே ஆழமாக வேரூன்றியது. பின்னாளில் குவாங்ஹேக்கு எதிராகத் திரும்பிய உணர்வும் இதுவே.

மறுக்கப்பட்ட அங்கீகாரம்

அக்காலத்தில் கொரியா தன் உள்விவகாரங்களைத் தானே நடத்திக்கொண்டது. எனினும் சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தியது. புதிய மன்னரையும் பட்டத்து இளவரசரையும் பேரரசர் முறைப்படி ஏற்றுக்கொள்வது அந்த உறவின் முக்கிய அம்சம். குவாங்ஹேயைப் பட்டத்து இளவரசராக ஏற்குமாறு கொரியா பலமுறை கோரியும் மிங் அரசு மறுத்தது. மூத்தவர் உயிருடன் இருக்க இளையவரை ஏற்க முடியாது என்பது அதன் வாதம்.

இதன் பின்னணியில் சீனாவின் உள்நாட்டு அரசியல் இருந்தது. பேரரசர் வான்லி தமது மூத்த மகனை ஒதுக்கி மற்றொரு மகனுக்குப் பட்டம் கட்ட விரும்பினார். அமைச்சர்கள் அதைக் கடுமையாக எதிர்த்து வந்தனர். அத்தகைய நேரத்தில் கொரியாவின் இரண்டாவது மகனை ஏற்பது தவறான முன்னுதாரணமாகிவிடும் என அவர்கள் அஞ்சினர்.

1606இல் சொன்ஜோவுக்குப் புதிய பட்டத்தரசி மூலம் ஓர் ஆண் குழந்தை பிறந்தபோது குவாங்ஹேயின் நிலை மேலும் பலவீனமடைந்தது. 1608இல் தந்தை இறக்க, அவர் மன்னரானார். அப்போதும் மிங் அரசு உடனடியாக ஏற்கவில்லை. மூத்த சகோதரர் ஏன் ஒதுக்கப்பட்டார் என விசாரிக்கத் தூதர்களை அனுப்பியது. அந்தச் சகோதரர் தீவொன்றுக்கு நாடுகடத்தப்பட்டு 1609இல் உயிரிழந்தார். 1614இல் சிறுவனான இளைய சகோதரனும் தீவுச் சிறையில் கொல்லப்பட்டான். அச்சிறுவனின் தாயான அரசியார் 1618இல் தகுதி இழந்து அரண்மனையொன்றில் அடைத்து வைக்கப்பட்டார்.

இக்கொடுமைகளுக்கான பொறுப்பிலிருந்து குவாங்ஹேயையும் அவரை ஆதரித்த அரசவைப் பிரிவையும் விடுவிக்க முடியாது. ஆனால், தனது உரிமை எந்நேரமும் கேள்விக்குள்ளாகலாம் என்ற அச்சத்தில் ஆட்சியைத் தொடங்கிய ஒருவரின் செயல்கள் அவை என்பதும் கவனத்திற்குரியது.

இதே ஆட்சியில்தான் போரில் சிதைந்த நாடு மீளக் கட்டப்பட்டது. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட விளைபொருட்களை வரியாகப் பெறும் முறைக்குப் பதிலாக, நிலத்தின் அளவுக்கேற்ப அரிசியாகப் பெறும் முறை 1608இல் கியொங்கி மாகாணத்தில் தொடங்கப்பட்டது. 1609இல் ஜப்பானுடன் வர்த்தகம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருத்துவர் ஹோ ஜுன் தொகுத்த புகழ்பெற்ற மருத்துவ நூல் 1613இல் அச்சிடப்பட்டது. மறுபுறம், அரண்மனைகளைக் கட்டுவதற்கு அவர் செலவிட்ட பொருளும் உழைப்பும் மக்களின் அதிருப்தியைத் தேடித் தந்தன.

சமநிலை தேடிய ஆண்டுகள்

1616இல் மஞ்சூரியாவில் நூர்ஹாசி என்ற தலைவர் ஜுர்சென் இனக்குழுக்களை ஒன்றுதிரட்டித் தனி அரசை நிறுவினார். இரண்டு ஆண்டுகளில் அவர் மிங் பேரரசைத் தாக்கத் தொடங்கினார். பழைய உதவியை நினைவூட்டி மிங் அரசு கொரியாவிடம் படை கேட்டது. குவாங்ஹே தயங்கினார். போரின் காயங்கள் ஆறாத நாடு இன்னொரு போரைத் தாங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். அரசவையின் நெருக்கடியால் இறுதியில் சுமார் 13,000 பேர் கொண்ட படை அனுப்பப்பட்டது.

1619இல் சார்ஹூ போரில் மிங் படைகள் படுதோல்வி அடைந்தன. கடும் இழப்புக்குப் பின் கொரியத் தளபதி காங் ஹொங்-நிப் எஞ்சிய படையினருடன் சரணடைந்தார். நிலைமையைப் பார்த்து நடந்துகொள்ளுமாறு மன்னரே இரகசியமாக அறிவுறுத்தியிருந்தார் எனப் பரவலாக நம்பப்படுகிறது. வரலாற்றாசிரியர்கள் இதில் கருத்தொற்றுமை கொண்டிருக்கவில்லை.

அதன்பின் குவாங்ஹே மிங் அரசுக்குரிய மரியாதையைக் குறைக்காமலே நூர்ஹாசியுடனும் தொடர்பைப் பேணினார். 1621இல் லியாவோதொங் பிரதேசம் நூர்ஹாசியிடம் வீழ்ந்தபோது, தப்பி வந்த மிங் தளபதி மாவ் வென்லொங் கொரியாவுக்குள் நுழைந்தார். தாக்குதலுக்கு அது சாக்காகிவிடக்கூடாது என்பதற்காக அவரைக் காதோ என்ற தீவுக்கு நகரச் செய்தார் மன்னர். இந்த அணுகுமுறையால் அவருடைய ஆட்சிக்காலத்தில் கொரிய மண்ணில் போர் நிகழவில்லை.

வீழ்ச்சியும் அதன் விலையும்

1623இல் எதிரணியினர் இராணுவச் சதி மூலம் அவரை அகற்றி, அவருடைய சகோதரர் மகன் இன்ஜோவை அரியணையில் அமர்த்தினர். சகோதரர்களைக் கொன்றது, சிற்றன்னையைச் சிறைவைத்தது, மிங் பேரரசுக்குத் துரோகம் செய்தது ஆகியவை முக்கிய குற்றச்சாட்டுகள். ஆட்சியைப் பறித்து வந்த இன்ஜோவுக்கும் மிங் அங்கீகாரம் தேவைப்பட்டது. 1625இல் அது கிடைத்தது. ஆகவே மிங் சார்பு என்பது புதிய அரசின் கொள்கையாக மட்டுமன்றி, அதன் இருப்புக்கான நியாயமாகவும் ஆனது.

1627இல் முதல் படையெடுப்பு வந்தது. 1636இல் நூர்ஹாசியின் மகன் ஹொங் தைஜி தமது அரசுக்குச் சிங் எனப் பெயர் சூட்டிப் பேரரசரானார். அவரை அவ்வாறு ஏற்கக் கொரியா மறுத்தது. அதே ஆண்டின் இறுதியில் அவரே படை நடத்தி வந்தார். மலைக்கோட்டையொன்றில் சுமார் ஒன்றரை மாதம் முற்றுகையிடப்பட்ட இன்ஜோ, 1637இன் தொடக்கத்தில் வெளியே வந்து மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தாழ்த்தி வணங்க வேண்டியிருந்தது. பட்டத்து இளவரசர் பணயமாகக் கொண்டு செல்லப்பட்டார். பெருந்தொகையான மக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். 1639இல் எழுப்பப்பட்ட வெற்றிக் கல்வெட்டு சோல் நகரில் இன்றும் நிற்கிறது.

குவாங்ஹே இதையெல்லாம் கைதியாக இருந்தே அறிந்தார். அவருடைய மகன் சிறையிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்ப முயன்று உயிரிழந்தார், மனைவியும் மறைந்தார். 1637இல் தொலைதூர ஜேஜு தீவுக்கு மாற்றப்பட்ட அவர், 1641இல் அங்கேயே காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து மிங் பேரரசு வீழ்ந்தது. சிங் பேரரசுக்கும் கொரியாவுக்குமான திறை உறவு 1895வரை நீடித்தது.

20ஆம் நூற்றாண்டில் அவர் குறித்த மதிப்பீடு மாறத் தொடங்கியது. நடைமுறை சார்ந்த இராஜதந்திரி என அவரைப் போற்றுவோர் பெருகினர். 2012இல் வெளியான திரைப்படம் ஒன்று அவருடைய பெயரைக் கொரியாவில் கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்களிடம் கொண்டு சென்றது. 1992இல் சீனாவுடன் இராஜதந்திர உறவை ஏற்படுத்திய தென்கொரியா, பாதுகாப்புக்கு அமெரிக்காவையும் வர்த்தகத்துக்குப் பெருமளவு சீனாவையும் சார்ந்திருக்கிறது. 2016இல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ அது முடிவெடுத்தபோது சீனா பொருளாதார ரீதியில் பதிலடி கொடுத்தது. அத்தகைய தருணங்களில் குவாங்ஹேயின் பெயர் விவாதங்களில் மீண்டும் எழுகிறது.

எனினும் அவரை முன்மாதிரியாகக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுவதுண்டு. இரு வல்லரசுகளுக்கிடையில் அவர் வகுத்த பாதை தவறானதல்ல. அதற்கான ஆதரவை உள்நாட்டில் திரட்ட அவரால் முடியவில்லை. எதிரிகளை வெளியே தவிர்க்கத் தெரிந்த அவர், உள்ளே பெருக்கிக்கொண்டார். அவர் வீழ்ந்தபோது அவருடைய வெளியுறவுக் கொள்கையும் நிலைக்கவில்லை.