பயன்தரும் கல்வியை வேண்டிய பேரறிஞர்

தேர்வு நெருங்கும் நாள்களில் இறைவனிடம் கையேந்தாத மாணவர் அரியர். படித்தது மறவாதிருத்தலும் மதிப்பெண் மிகுதலுமே பெரும்பாலும் அவர்தம் வேண்டுதல்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த துஆவோ இவற்றினும் ஆழமானது. பயன்தரும் கல்வியை வேண்டியதோடு, பயன்தராக் கல்வியினின்று காவலும் தேடினார்கள் அவர்கள். கல்வியிலும் பயனற்றது உண்டோ என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் இமாம் கஸ்ஸாலி.

குராசான் பகுதியின் தூஸ் நகரில் 1058ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் கம்பளி நூற்று வாழ்ந்த எளியவர் என்பர். இறக்குமுன் தம் மைந்தர் இருவரையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். விட்டுச் சென்ற சிறுபொருள் தீர்ந்தபின், உணவும் உறையுளும் கிட்டுமென்றே சிறுவர் மதரஸாவில் சேர்ந்தனர். தம் கல்வி இறைவனுக்காகத் தொடங்கியதன்று என்பதைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை.

ஜுர்ஜானில் பயின்று ஊர் திரும்புகையில் கள்வர் வழிமறித்தனர். பாடக் குறிப்புகள் அடங்கிய பையை மட்டுமேனும் தருமாறு அவர் இரந்து நின்றார். பையோடு போய்விடும் கல்வி என்ன கல்வியென்று நகைத்த கள்வர் தலைவன் அதனைத் திருப்பித் தந்தான். அச்சொல்லை இறைவன் உணர்த்தியதாகவே கொண்ட கஸ்ஸாலி, மூன்றாண்டுகள் முயன்று அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார் என்பது வரலாறு.

நெஞ்சில் பதிந்த கல்வியெல்லாம் பயன்தருமா? அதற்கு விடை பின்னரே கிடைத்தது. நிஷாபூரில் இமாம் ஜுவைனியிடம் பயின்ற அவரை, அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091இல் பக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் பேராசிரியராக்கினார். முந்நூறு மாணவர் அவர்முன் அமர்ந்தனர். ஆயினும், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற ஐயம் அவரை அரித்தது. 1095இல் ஏறத்தாழ ஆறு திங்கள் அவ்வாறு ஊசலாடினார். ஒருநாள் வகுப்பில் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர் இது உள்ளத்து நோயென்று கைவிரித்தனர். குடும்பத்திற்கு வேண்டியது போக எஞ்சிய பொருளை ஈந்துவிட்டுப் பக்தாதை நீங்கினார்.

திமிஷ்கிலும் எருசலேமிலும் தனித்திருந்தார். ஹஜ் கடமையை நிறைவேற்றினார். அத்துறவுக் காலத்தில் உருவான 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது பகுதிகளைக் கொண்டது. அதன் முதற்பகுதி கல்வியைப் பற்றியதே என்பது நோக்கத்தக்கது.

பல்லாண்டு பயின்ற மாணவர் ஒருவர், தாம் கற்றவற்றுள் மறுமைக்குத் துணையாவது எதுவெனக் கேட்டு அவருக்கு மடல் விடுத்தார். நபிகளாரின் துஆவே அவ்வினாவைத் தூண்டியது. தமக்கென ஓர் இறைவேண்டலும் எழுதித்தரக் கோரினார். மகனே என விளித்து இமாம் வரைந்த விடையே 'அய்யுஹல் வலத்' என்னும் சிறுநூல். இரவெல்லாம் விழித்துப் படித்தது எதன்பொருட்டென அதில் வினவுகிறார். பதவிக்கும் பெருமைக்கும் எனில் அது இழப்பே என்கிறார். செயலாகாத கல்வியைக் கண்டிக்கும் அந்நூல் ஓர் இறைவேண்டலோடு முடிகிறது.

1106இல் நிஷாபூரில் மீண்டும் கற்பிக்கலானார். பணி பழையதே, நோக்கம் புதிது. இறுதியில் தூஸ் திரும்பி 1111இல் மறைந்தார்.

விழித்திருந்து படிப்பதை இமாம் ஒருபோதும் பழித்தாரல்லர். கள்வன் சொல்கேட்டு மூன்றாண்டுகள் மனனம் செய்தவர் அவர். அவ்வுழைப்பு யாருக்காக என்று கேட்கவே அவர் கற்பித்தார். அக்கேள்வி மாணவரை மட்டுமன்று, வகுப்பறையில் நிற்கும் எம்மனோரையும் நோக்கியதே.