சேலை உடுத்திய அன்னை

உங்கள் இல்லத்துச் செபப்பீடத்தில் உள்ள அன்னை மரியாளின் படத்தைச் சற்று உற்று நோக்குங்கள். வெண்ணிற மேனி, நீல மேலாடை, மேல்நாட்டு முகச்சாயல். கலவான தோட்டப்புறத்தில் நாள் முழுதும் கொழுந்து பறித்து லயத்துக்குத் திரும்பும் தாயும் இத்தகைய படத்தின் முன்னேதான் மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்கிறார். அந்த அன்னை தம் சாயலிலும் இருக்கலாகாதா? ஆகலாம் என்று வண்ணங்களால் விடை பகர்ந்தவர் கோவாவின் கத்தோலிக்க ஓவியர் ஆஞ்சலோ த பொன்சேகா.

1902இல் கோவாவில் பிறந்த அவர், முதலில் மருத்துவம் பயின்றார். ஆயினும் உள்ளம் ஓவியத்தையே நாடியது. மருத்துவப் படிப்பைத் துறந்து பம்பாய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கும் மனம் நிறைவடையவில்லை. ஆகவே சாந்திநிகேதன் சென்று, அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் நம் மண்ணின் ஓவியமரபைக் கற்றார்.

கல்வி முடித்து ஊர் திரும்பியவர், மாநிற மேனியும் சேலையுமாகத் தேவதாயைத் தீட்டினார். அப்போது கோவா போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. மேல்நாட்டுச் சாயலிலேயே புனிதத்தைக் கண்டு பழகிய சொந்த மக்கள், அதனை அவமதிப்பு என்று கருதிக் கடிந்தனர். பக்தியோடு படைத்ததையே பழியாகப் பெற்ற அவர், பிறந்த மண்ணை விட்டுப் புனே சென்றார். அங்கே ஆங்கிலிக்கன் சபையினரின் கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம் அவருக்கு அடைக்கலம் அளித்தது. இயேசு சபைக் குரு ஹென்றி ஹேராஸ் போன்றோர் ஊக்கமளித்தனர்.

எண்ணிப் பாருங்கள். புறக்கணிப்பு அவரது விசுவாசத்தை அணைக்கவில்லை, தூரிகையையும் நிறுத்தவில்லை. கிறிஸ்து எல்லா மக்களுக்கும் உரியவர் என்றால் எல்லா மக்களின் சாயலிலும் அவரைக் காணலாம் என்பதே அவரது உறுதி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எல்லா இனத்தவரின் கலைக்கும் திருச்சபையில் இடமுண்டு என்று அறிவித்தது. அதைக் காணும் பேறு பெற்று, 1967இல் புனேயில் அவர் கண்மூடினார். அன்று கோவா ஏற்க மறுத்த அவரது ஓவியங்கள் பலவற்றை, இன்று அதே கோவாவின் சவேரியார் வரலாற்று ஆய்வு மையம் பேணிக் காக்கிறது.

அன்புக்குரியவர்களே, உங்கள் பிள்ளை அன்னையைக் கொழுந்துக் கூடையுடன் வரைந்து காட்டினால் கடிந்துகொள்ளாதீர்கள். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்கச் செய்பவர்களாய் நாம் ஆகிவிடக் கூடாது. நம் வியர்வையையும் நம் நிறத்தையும் இறைவன் நேசிக்கிறார் என்பதை அந்தச் சிறு கைகளே நமக்குக் கற்பிக்கக்கூடும். அதைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும் ஆண்டவரே என்று இவ்வாரம் குடும்பமாக மன்றாடுவோம்.