பெண் கொடுத்த பெரியாழ்வார்

திருத்தங்கலில் நின்ற நாராயணனை ஸேவித்துத் திரும்பும் அடியார்களுள் பலர், சிவகாசி வழியாக மேற்கே சென்று ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஸேவித்துவிட்டே ஊர் திரும்புவது வழக்கம். இங்கே பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த திருமலை. அங்கே இரண்டு ஆழ்வார்கள் திருவவதாரம் செய்த திருவூர். அவ்விருவரும் தந்தையும் மகளுமாக அமைந்தது பன்னிரு ஆழ்வார்களுள் வேறெங்கும் காணாத பெருமை. மகளின் பெருமையைப் பேசாத மார்கழி இல்லை. தந்தையைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை என்ற குறை அடியேனுக்கு நெடுநாளாக உண்டு.

ஆனி மாதம் ஸ்வாதி நக்ஷத்ரத்தில், வேயர் குலத்தில், பெரிய திருவடியின் அம்சமாக அவதரித்தவர் விஷ்ணுசித்தர். சரித்திர ஆராய்ச்சியாளர் இவர் காலத்தை ஏறக்குறைய கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்பர். வேத சாஸ்திரங்களைக் கரைகண்டு வாதம் செய்யும் அவாவின்றி, வடபத்ரசாயிக்கு ஏற்ற கைங்கர்யம் எது என்றே இவர் சிந்தித்தார். கண்ணன் வடமதுரையில் புகுந்தபோது மாலாகாரர் மனையைத் தானே தேடிச் சென்று மாலை பெற்ற வரலாறு இவர் நெஞ்சில் பதிந்தது. நந்தவனம் அமைத்தார், மண் கொத்தினார், நீர் இறைத்தார், துளசியும் மலரும் பறித்துத் தொடுத்து நாள்தோறும் ஸமர்ப்பித்தார்.

பாண்டியன் ஸ்ரீவல்லபன், பரம்பொருள் யாது என்று நிர்ணயிப்பவர்க்கென மதுரையில் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டதும், புரோஹிதர் செல்வநம்பி அதற்குத் துணை நின்றதும், எம்பெருமான் நியமனத்தால் ஆழ்வார் சென்று பரத்வத்தை ஸ்தாபித்ததும், கிழி தானே தாழ்ந்து வளைந்ததும் அனைவரும் அறிந்தவை. அந்தச் செல்வநம்பியை ஆழ்வார் மறக்கவில்லை. தம் பாசுரங்களிலே அவர் பெயரை வைத்துச் சிறப்பித்திருக்கிறார். நன்றி மறவாமை பெரியோர் இயல்பு.

இனி நடந்ததே நம் விஷயத்திற்கு முக்கியமானது. அரசன் ஆழ்வாரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தபோது, எம்பெருமான் கருடாரூடனாய்ப் பிராட்டியோடு வானில் காட்சி தந்தான். வேறொருவராயின் வரம் கேட்டிருப்பர்; அல்லது ஆனந்தத்தால் மெய்ம்மறந்திருப்பர். ஆழ்வாருக்கோ அச்சம் உண்டாயிற்று. காலத்துக்கு உட்பட்ட இவ்வுலகிலே, இத்தனை கண்கள் காணும்படி, இந்த அழகோடு வந்து நிற்கிறானே, இவனுக்கு யாரால் என்ன தீங்கு நேருமோ என்று நெஞ்சு பதறினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, அவன் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்திப் பாடினார். அதுவே பன்னிரண்டு பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு.

ரக்ஷகனையே ரக்ஷிக்கத் துடிப்பது அறிவுக்குப் பொருந்துமா என்று கேட்பவர் உண்டு. பெற்றவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாகிவிட்ட நமது பக்கத்தில், காலையில் வேலைக்குச் சென்ற பிள்ளை இருட்டிய பின்னும் வீடு வந்து சேராவிட்டால் வாசலிலே நிற்கும் தகப்பனாரிடம் சென்று, உன் பிள்ளை சாமர்த்தியசாலி அன்றோ, ஏன் கவலைப்படுகிறாய் என்று சொல்லிப் பாருங்கள். சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும் அவர் கண் தெருமுனையை விட்டு அகலாது. அந்தக் கண்ணாலேதான் ஆழ்வார் ஸர்வேச்வரனைப் பார்த்தார். இந்தப் பொங்கும் பரிவினாலேயே இவர் ஒருவருக்கு மட்டும் பெரியாழ்வார் என்னும் திருநாமம் வாய்த்தது என்று மணவாள மாமுனிகள் அருளிச் செய்தார்.

பின்னர் அருளிய பெரியாழ்வார் திருமொழி 461 பாசுரங்கள். அதன் முதற்பகுதி முழுவதும் ஒரு குழந்தை வளரும் வரலாறு. ஆயர்பாடியில் பிறந்த கொண்டாட்டம், திருவடி முதல் திருமுடி வரை அங்கம் அங்கமாகக் காட்டி மகிழ்தல், தொட்டில், நிலாவை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, ஓடி வந்து முன்னும் பின்னும் தழுவிக்கொள்ளுதல் என்று பருவம் பருவமாக அநுபவிக்கிறார். காது குத்துவதற்குப் பன்னிரு திருநாமங்களையும் சொல்லி அழைக்கிறார். நீராட வராமல் ஓடும் பிள்ளைக்குத் தின்பண்டம் காட்டுகிறார். குழல் வாரக் காக்கையைக் கூப்பிடுகிறார். பூச்சூட்டுகிறார், அந்தி வேளையில் கண்ணேறு படாதபடி காப்பிடுகிறார். அண்டைவீட்டார் முறையீடுகளுக்கும் செவி கொடுக்கிறார். கன்று மேய்க்கக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, செருப்பும் குடையும் கொடுக்காமல் அனுப்பினேனே என்று நொந்துகொள்கிறார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கெல்லாம் இதுவே வழிகாட்டி.

இவை யாவும் யசோதையின் வார்த்தைகள். நந்தகோபர் வார்த்தையாக ஏன் பாடவில்லை என்று அடியேன் பாடசாலைப் பருவத்தில் நினைத்ததுண்டு. நம் குடும்பங்களில் தகப்பன் அன்பை வாய்விட்டுச் சொல்வது வழக்கமன்று. தாயின் வாயிலாகவே சொல்லிக்கொள்வான். அப்படியே ஆழ்வாரும் செய்தார் என்று இப்பொழுது தோன்றுகிறது. குலசேகரப் பெருமாள் தேவகியாகப் புலம்பினார், கௌசல்யையாகத் தாலாட்டினார். ஆயினும் இராமனைக் காட்டுக்கு அனுப்பிய துயரத்தைப் பாடும்போது தசரதனாகவே நின்று பாடினார். அங்கே துயரம் தந்தையை வாய் திறக்கச் செய்தது. நம் ஆழ்வாரோ அந்த நிலையிலும் தாயாகவே பேசினார். அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது பற்றியும் ஒரு பதிகம் அருளியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ வைக்காமல் நாராயணன் நாமத்தை வையுங்கள் என்று பெற்றோரை இரக்கிறார். நாமகரணத்திற்கு நாள் கேட்டு ஸந்நிதிக்கு வருவோரிடம் அடியேன் இப்பதிகத்தைத்தான் முதலில் சொல்லுவது.

இத்தனை பாடியவருக்கு வீட்டில் மழலை இல்லை. ஒருநாள், ஆடிப் பூரத்தன்று, துளசி வனத்தின் அடியில் பெண் குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கண்ணன் கதை கேட்டே வளர்ந்த அப்பெண், எம்பெருமானுக்குத் தொடுத்து வைத்த மாலையைத் தான் சூடி, தான் அவனுக்கு ஏற்றவளோ என்று அழகு பார்த்து, மீண்டும் கூடையில் வைத்து வந்தாள். ஒருநாள் தந்தை கண்டார். கோபித்தார், மாலையை ஸமர்ப்பிக்காமல் வாட்டத்தோடு இருந்தார். அன்றிரவு கனவில் எம்பெருமான் தோன்றி, அவள் சூடிய மாலையே தனக்கு உகந்தது என்று கூறினான். மகளைக் கண்டித்த தந்தைக்கு, மகள் யார் என்பதை வேறொருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மணப்பருவம் வந்ததும், மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என்று கோதை உறுதியாக நின்றாள். தந்தை 108 திருப்பதி எம்பெருமான்களின் பெருமைகளையும் எடுத்துரைக்க, அவள் உள்ளம் அரங்கனிடத்தே நின்றது. இது நடக்கக் கூடியதா என்று ஆழ்வார் கலங்கினார். அரங்கன் கனவில் வந்து அழைத்தான், கோயில் பரிஜனங்களுக்கும் நியமித்தான், பல்லக்கு வந்தது. கோதை அரங்கன் ஸந்நிதியில் புகுந்தாள்; அவனோடு ஒன்றினாள்.

நம் திருத்தங்கலின் தலபுராணம் வாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் இங்கே திருக்கல்யாணம் நடந்ததாகக் கூறும். அந்த வாணனும் பெண்ணைப் பெற்றவனே. மகள் விரும்பியவனை நாகபாசத்தால் கட்டினான். கண்ணனோடு போருக்கு நின்றான். ஆயிரம் தோள்களில் நான்கு எஞ்சிய பின்னரே இணங்கினான். விஷ்ணுசித்தரோ தாமே அழைத்துச் சென்று கொடுத்தார். கொடுப்பது எளிதாயிருந்தது என்று எண்ணிவிட வேண்டா. அரங்கனால் மாமனாராக மதிக்கப்பெற்று, மரியாதைகள் பெற்று, அவர் மீண்டும் வந்து சேர்ந்தது அதே வில்லிபுத்தூர், அதே நந்தவனம். மறுநாளும் பூப்பறிக்க வேண்டும். கூடைக்கு அருகே மகள் இல்லை.

திருமொழியின் மூன்றாம் பத்தில் ஒரு பதிகம் உண்டு. மகள் கண்ணனோடு சென்றுவிட, தாய் ஒருத்தி வெறிச்சோடிய வீட்டில் இருந்து பேசுகிறாள். பனி பெய்து இதழ் உதிர்ந்த தாமரைப் பொய்கை போல் வீடு அழகிழந்தது என்கிறாள். தனக்கு உள்ளவள் ஒரே மகள் என்றும், உலகம் புகழத் திருமகளைப் போல வளர்த்ததாகவும், செங்கண்மால் கொண்டு போனான் என்றும் சொல்லி, அங்கே யசோதை தன் மருமகளை உவந்து பார்த்து முறைப்படி சீர் செய்வாளோ, மாட்டாளோ என்று கவலுகிறாள். எத்தனை காலமாகத் தாலாட்டும் காப்பும் பாடித் தாம் யசோதையாகவே நின்ற ஆழ்வார், இங்கே யசோதைக்கு எதிர்வீட்டுச் சம்பந்தியாகி, அவள் மனம் எப்படியோ என்று அஞ்சுகிறார். தாய்ப்பாசுரமாகவே இதற்குப் பொருள் உரைக்க வேண்டும். ஆயினும் இதைச் சேவிக்கும்போது ஆண்டாளை நினையாத நெஞ்சு உண்டோ?

ஆழ்வார் இறுதியில் திருமாலிருஞ்சோலையில் பரமபதம் எய்தினார் என்பது ஸம்ப்ரதாயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மூலஸ்தானத்திலோ அவர் இன்றும் பிரியவில்லை. ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்க, அதே பீடத்தில் கருடாழ்வாரும் கைகூப்பி நிற்கிறார். வேறு தலங்களில் பெருமாளுக்கு எதிரே நிற்பவர் இங்கே பக்கத்தில் நிற்பதற்குக் காரணம், அவர் பெண்ணின் தகப்பனார் என்பதே.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு ஸமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்திருந்தாள். நிறைவேற்றுமுன் அரங்கத்துக்குப் போய்விட்டாள். பிற்காலத்தில் உடையவர் எம்பெருமானார் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி அதனை நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்பர். தகப்பனார் வீட்டுக் கடனைப் பிள்ளை தீர்த்தார்.