அரை நூற்றாண்டு முந்திப் பிறந்த பிரேக்

பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் பூலாவுக்குப் போனவர்களுக்கு அந்த மலைச்சாலையின் இறக்கம் நன்றாகத் தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, அடிவாரத்தில் காரை நிறுத்தினால் சில சமயம் கருகிய வாடை வீசும். அண்ணனிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ போன்ற வேகமான கார் ஒன்று கைக்கு வந்த இளைஞருக்கு, அந்த வாடை மூக்கில் ஏறியதும் தோன்றும் எண்ணம் ஒன்றுதான்: முன்சக்கர பிரேக்கைப் பெரிதாக மாற்றிவிட வேண்டும்.

எதை மாற்றுவது? எந்த வரிசையில் மாற்றுவது? பட்டறைக்குப் போகும் முன், இன்று நம் கார்களின் முன்சக்கரங்களில் இருக்கும் டிஸ்க் பிரேக்குக்கு 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வோம். அவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஃபிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர். சரியான யோசனை இருந்தும் பிரேக் ஏன் தோற்கும் என்பதை அவர் கதை நமக்குச் சொல்லும்.

பட்டம் பெறாத பொறியியலாளர்

லான்செஸ்டர் 1868ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். குடும்பம் பிரைட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவர் சிறு குழந்தை. சவுத்தாம்ப்டனிலும் பிறகு லண்டன் சவுத் கென்சிங்டனிலும் அறிவியல் பயின்றார். பகலில் வகுப்பு, மாலையில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பப் பள்ளியில் பட்டறைப் பயிற்சி. ஏட்டுக் கல்வியோடு கை வேலையும் தெரிய வேண்டும் என்று தாமாகவே அதைத் தேடிக்கொண்டார். ஆனால், முறையான பட்டம் எதுவும் பெறாமலேயே படிப்பை முடித்துக்கொண்டார்.

வரைபடம் வரைபவராகச் சிறிது காலம் வேலை பார்த்த பின், 1889இல் பர்மிங்ஹாமில் எரிவாயு இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் உதவி மேலாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. வேலை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: ஊழியர் செய்யும் தொழில்நுட்ப மேம்பாடு எதுவாயினும் அது நிறுவனத்தின் சொத்து. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் லான்செஸ்டர் கையெழுத்திட்டார். முதல் பெரிய வேலையில் சேரும் இளைஞரிடம் அப்படியொரு தன்னம்பிக்கை இருந்தது. அந்நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு அவர் செய்த மேம்பாடுகள் காப்புரிமைகளாகி அவருக்கே வருவாயும் தந்தன.

1895இல் அவர் வடிவமைத்த கார் 1896இன் தொடக்கத்தில் சாலையில் ஓடியது. இயந்திரம் முதல் சட்டம் வரை முழுக்கப் பிரிட்டனிலேயே உருவான முதல் நான்கு சக்கர பெட்ரோல் கார் அதுதான் என்பர். அடுத்து வந்த காரில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு கிராங்க் தண்டுகளை வைத்து, இயந்திரத்தின் அதிர்வை வெகுவாகக் குறைத்தார். 1899 டிசம்பரில் தம்பி ஜார்ஜ், சகோதரர் ஃபிராங்க் ஆகியோருடன் பர்மிங்ஹாமில் லான்செஸ்டர் கார் நிறுவனம் தொடங்கினார். ஒரு காரின் உதிரிபாகம் இன்னொரு காருக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்பது அவருடைய கட்டாயம். அதற்குத் தேவையான அளவுகோல்களையும் அவரே உருவாக்கினார்.

இரண்டு தாடைகளுக்கு நடுவே ஒரு தட்டு

அக்காலத்துக் கார்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களிலோ இயந்திரத்தின் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டிலோதான் இருந்தது. சுழலும் உருளையைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கினால் கார் நிற்கும். தொடர்ந்து பிடித்தால் உருளை சூடாகி விரியும், உள்ளே சிக்கிய சூடு வெளியேற வழி இருக்காது, பிடிமானம் குறையும்.

லான்செஸ்டர் வேறு வழியில் யோசித்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் மெல்லிய உலோகத் தட்டு ஒன்று. அதன் இரு பக்கத்திலிருந்தும் தாடைபோல் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. தட்டு திறந்தவெளியில் சுழல்வதால் காற்று பட்டு விரைவில் ஆறும். இன்றைய டிஸ்க் பிரேக்கின் அடிப்படை இதுவே. 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்று, தம் கார்களிலும் பொருத்தினார்.

யோசனை சரி, பொருள் சரியில்லை. தட்டைக் கவ்வும் பட்டைக்கு அன்று அவருக்குக் கிடைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசினால் காது கூசும் கிறீச்சொலி எழும். அக்காலச் சாலைகளோ புழுதி மண்டியவை. தட்டு திறந்திருந்ததால் மண்ணும் தூசும் நடுவில் புகுந்து செம்பை விரைவாக அரித்தன. டிஸ்க் பிரேக் பரவவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தின் டெர்பிஷையர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய காலணித் தோலை பிரேக் கட்டையாகப் பயன்படுத்துவதைக் கவனித்தார். அதிலிருந்து, உரசலைத் தாங்கும் பட்டைகளையே தொழிலாகச் செய்யத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, ஃபெரோடோ என்று அவர் வைத்த பெயர் இன்றும் பிரேக் பேட் பெட்டிகளில் இருக்கிறது. பிறகு கல்நார் கலந்த பட்டைகள் வந்தன; சூட்டை அவை தாங்கின. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னாளில் உறுதியாகி, இன்று அதன் இடத்தில் வேறு கலவைகள் வந்துள்ளன.

முந்திச் சென்றவரின் இழப்பு

லான்செஸ்டருக்கு இது ஒரு முறை மட்டும் நேர்ந்ததன்று. விமானம் பறக்காத காலத்திலேயே, இறக்கை எப்படிக் காற்றில் எடையைத் தாங்குகிறது என்பதை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1897இல் லண்டன் இயற்பியல் கழகம் அதை ஏற்கவில்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரண்டு நூல்களாக அவற்றை வெளியிட்டார். பின்னர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் இதே துறையைக் கணித முறையில் வளர்த்தபோதுதான் உலகம் அதன் மதிப்பை உணர்ந்தது.

கார்கள் நல்ல பெயர் எடுத்தாலும், போதிய முதலீடு இல்லாமல் அவருடைய நிறுவனம் 1904இல் கடன்காரர்களின் பிடிக்குள் போனது. வேறு பெயரில் அது மீண்டும் எழுந்தபோது அவர் அதன் முழு அதிகாரியாக இல்லை. 1909 முதல் டைம்லர் நிறுவனத்துக்கு ஆலோசகரானார். 1922இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1931இல் விமானவியலுக்கான குகன்ஹைம் பதக்கம் பெற்றார். பெருமைகள் வந்தன, பணம் வரவில்லை. நடுக்குவாத நோய் உடலை முடக்கியது. இறுதிக் காலத்தில் பிறர் அளித்த உதவித்தொகையில் வாழ்ந்து, 1946 மார்ச் 8ஆம் நாள் பர்மிங்ஹாமில் தம் இல்லத்தில் காலமானார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளில், 1953இல், பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. மற்றவர்கள் முன்னதாகவே பிரேக் மிதித்து வளைவுக்குத் தயாராக, ஜாகுவார் வளைவின் அருகே வரை வேகமாகச் சென்று பிரேக் பிடித்தது. மணிக்கணக்கில் ஓடியும் பிடிமானம் தளரவில்லை. 1955இல் சிட்ரோயன் டிஎஸ் கார் முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் பொதுமக்களிடம் வந்தது. லான்செஸ்டரின் காப்புரிமைக்கும் இந்த வெற்றிக்கும் இடையே அரை நூற்றாண்டு. மாறியிருந்தது அடிப்படை யோசனை அன்று. பேட்டின் பொருளும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பும், சாலையும்தான்.

உங்கள் காருக்கு இதில் என்ன பாடம்?

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. படிவம் 4 இயற்பியலில் படித்த சூத்திரத்தை நினைவுகூருங்கள்: எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 386 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். வேகம் பாதியானால் வெப்பம் கால் பங்காகும். மலையிறக்கத்தில் கணக்கு வேறு. அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 980 கிலோஜூல் வெளிப்படும், 100 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டரை முறை நிற்பதற்குச் சமம். கியரைக் குறைத்து இயந்திரத்தின் இழுவையைப் பயன்படுத்தாதவர், இதில் பெரும்பகுதியை பிரேக்கின் தலையில் சுமத்துகிறார்.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. ஆகவே முன்சக்கரங்களே அதிக வேலை செய்கின்றன. அதிகச் சூடும் அங்கேதான். முன்பக்கத்தை மேம்படுத்த நினைப்பது சரியான சிந்தனைதான். வரிசைதான் முக்கியம்.

முதலில், இருப்பதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இருபது ஆண்டைக் கடந்த காரில் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். ரப்பர் குழாய் உப்பியிருக்கலாம். தட்டு அனுமதித்த அளவுக்கும் கீழே தேய்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய பொருள் வாங்குவது வீண்.

இரண்டாவது, பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பினாங்கைப் போல ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிகுந்த தீவில் இதை மறக்கக் கூடாது. டாட் 4 தரத்தில், புதிய எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. எண்ணெய் மாற்றும் செலவு சிறிது, பயன் பெரிது.

மூன்றாவது, பேட். லான்செஸ்டர் தோற்ற இடம் இதுதான். பந்தயப் பேட் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் ஜார்ஜ்டவுன் நெரிசலில் முதல் சிவப்பு விளக்கில் அது உதவாது. சாலைக்கும் மலையிறக்கத்துக்கும் ஏற்ற நடுத்தரப் பேட்டே பெரும்பாலோருக்குப் போதும். பழைய பேட்டின் தூசியை ஊதித் தள்ளாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

இவை மூன்றும் செய்த பின்னும் இறக்கத்தில் பிடிமானம் தளர்ந்தால்தான் பெரிய தட்டையும் காலிப்பரையும் பற்றி யோசிக்க வேண்டும். பெரிய தட்டு அதிக வெப்பத்தைத் தாங்கும். நெம்புகோல் போல அதிக விசையும் தரும். ஆனால் அது உங்கள் ரிம்முக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால், அதே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக எண்ணெய் தேவைப்படும். மிதி ஆழமாக இறங்கும். முன்பக்கம் மட்டும் மிக வலுத்தால், முன்பின் பங்கீடு குலைந்து, மழைச்சாலையில் முன்சக்கரங்கள் விரைவில் இறுகிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த உயர்ரக மாடலின் முழு அமைப்பையும் பொருத்துவது, தனித்தனியாகப் பொருள் சேர்ப்பதைவிடப் பாதுகாப்பு. மாற்றம் அனுமதிக்கப்பட்டதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இறுதியில் காரை நிறுத்துவது சாலையைத் தொடும் டயர். தேய்ந்த டயரோடு எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் நிற்கும் தூரம் குறையாது. பெரிய பிரேக் தரும் நன்மை, பத்தாவது வளைவிலும் முதல் வளைவைப் போலவே பிடிப்பது.

லான்செஸ்டரிடம் அறிவு இருந்தது, துணிவும் இருந்தது. ஒரே ஒரு பொருள் துணை வராததால் அவருடைய பிரேக் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது. அவர் தேடிக் கிடைக்காத அந்தப் பொருள் இன்று ஜார்ஜ்டவுனின் சாதாரண உதிரிபாகக் கடையில் அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை துன் சார்டோன் சாலை இறக்கத்தில் கருகிய வாடை வந்தால், பளபளக்கும் காலிப்பரின் விலையைக் கேட்கும் முன், எண்ணெய் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று கேளுங்கள்.