தரையில் போர் நடத்தியவர்

கம்ப்யூட்டரில் சண்டை கேம் ஆடாத மாணவன் நம் பாலிடெக்னிக்கில் உண்டா? வீரன் எவ்வளவு தூரம் நகரலாம், பீரங்கி எப்போது சுடலாம், கைகலப்பில் யார் ஜெயிப்பது என்று எல்லாவற்றுக்கும் பின்னால் விதிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட விதிகளைச் சாதாரண ஜனங்களும் வீட்டில் ஆடும்படி எழுதித் தந்த முன்னோடி எச்.ஜி.வெல்ஸ். 1895-ல் 'கால இயந்திரம்' எழுதிய அதே வெல்ஸ்தான்!

1866 செப்டம்பர் 21-ல் இங்கிலாந்தின் பிராம்லியில் பிறந்தார். அப்பா பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். கடை ஓடலை. ஆனால் ஆள் நல்ல பவுலர். 1862-ல் கென்ட் அணிக்காக 4 பந்தில் 4 விக்கெட் எடுத்தவர்! 1877-ல் அவருக்குத் தொடை எலும்பு முறிந்ததும் அந்த வருமானமும் நின்றது. அம்மா ஒரு பெரிய மாளிகையில் வேலைக்குப் போனார். பையனை ஜவுளிக்கடையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார்கள்.

தினமும் 13 மணி நேர வேலை. தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் அண்ணன் அக்காக்களை நாம் பார்த்திருக்கிறோம். (அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான்.) 1883-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்ஸ் கடையைவிட்டுக் கிளம்பி, 17 மைல் நடந்தே அம்மாவிடம் போனார். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். படிக்கணும் என்று கெஞ்சினார். அப்ரண்டிஸுக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்று அந்தத் தாய் எவ்வளவு தவித்திருப்பார்! வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது சொல்லாமலே புரியும்.

எப்படியோ வழி பிறந்தது. 1884-ல் உதவித்தொகை பெற்று லண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். புகழ்பெற்ற ஹக்ஸ்லி அவருடைய ஆசிரியர். ஆனாலும் 1887-ல் கடைசி ஆண்டுத் தேர்வில் கோட்டைவிட்டார். நம்ம பாஷையில் அரியர்! 1890-ல்தான் பி.எஸ்ஸி. கையில் வந்தது.

கதைகளால் பணமும் புகழும் வந்தபின் தன் இரண்டு பையன்களோடு தரையில் பொம்மை வைத்து விளையாடினார். அது சும்மா விளையாட்டு அல்ல. 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகவே வந்தது. காலாட்படை ஒரு தடவைக்கு 1 அடி, குதிரைப்படை 2 அடி நகரலாம். பீரங்கி சுட வேண்டுமானால் 6 அங்குலத்துக்குள் 4 வீரர்களாவது இருக்க வேண்டும். நகர்ந்தால் சுட முடியாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி நிஜமாகவே மரக்குண்டு வீசும். விழுந்த பொம்மை அவுட்!

கைகலப்புக்கு முதலில் காசு சுண்டிப் பார்த்தார்கள். பிறகு அதை விட்டுக் கணக்குக்கு வந்தார்கள். தனியாக மாட்டிக்கொண்ட 9 பேரை 11 பேர் தாக்கினால், கூடுதலாக உள்ள 2 பேருக்கு 2 கைதிகள். மீதியில் 7-க்கு 7 சாவு. கடைசியில் 4 பேர் 2 கைதிகளோடு நிற்பார்கள். வெற்றிதான், ஆனால் 11 பேர் 4 ஆகிவிட்டார்கள் பாருங்கள்! பொம்மைக்கே இவ்வளவு நஷ்டம் என்றால் நிஜப் போர் எத்தனை மடத்தனம் என்று அந்தப் புத்தகத்தின் முடிவில் அவரே எழுதினார்.

1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 2004-ல் வெளியான 'லிட்டில் வார்ஸ்' மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியிருக்கிறார். 2006-ல் வந்த 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' கேமில், ஆட்டம் தொடங்கும் முன்பே கற்பனை உலகம் ஒன்றின் பல நூற்றாண்டுச் சரித்திரத்தைக் கம்ப்யூட்டரே உண்டாக்கிவிடுகிறது.

வெல்ஸோ நிஜ உலகத்தின் சரித்திரத்தையே எழுத உட்கார்ந்தார். காரணம், புத்தகம் வந்த மறு ஆண்டே, 1914-ல், முதல் உலகப்போர் மூண்டது. ஒவ்வொரு நாடும் தன் ராஜா கதையை மட்டும் படித்தால் சண்டை ஓயாது என்று அவர் கருதினார். பூமி தோன்றியதிலிருந்து ஆரம்பித்து எல்லா மக்களுக்கும் பொதுவாக ஒரே வரலாறு. 1919 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. போரில் ஜெயித்த பிறகும் போரை வெறுத்த அசோகரை அதில் உயர்த்தி எழுதினார். நேரு சிறையிலிருந்து மகளுக்கு உலக வரலாறு எழுதியபோது இந்த நூல் அவருக்கு உதவியது. வெல்ஸ் நூலுக்குப் படம் வரைந்த ஹாராபின்தான் பிறகு நேருவின் நூலுக்கும் வரைபடம் போட்டார்.

ஆனால் உலகம் கேட்கவில்லை. 1939-ல் மறுபடியும் போர். அணுகுண்டைப் பற்றி 1914-லேயே நாவல் எழுதிவிட்டிருந்த வெல்ஸ், அது ஹிரோஷிமாவில் விழுந்ததையும் பார்த்துவிட்டு, ஓர் ஆண்டும் ஒரு வாரமும் கழித்து, 1946 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79.